பழைய ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட் வாங்கப் போகிறீர்களா? எண் பார்ப்பதிலிருந்து பணம் கட்டுவது வரை

செகண்ட் ஹேண்டில் சொகுசு வாட்ச் வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டே விஷயத்தைத்தான் பார்க்கிறார்கள். பளபளவென்று இருக்கிறதா, நேரம் சரியாகக் காட்டுகிறதா. மிஷின் மக்கர் செய்தால் நல்ல மெக்கானிக் சரிசெய்துவிடுவார். பளபளப்பை எந்தக் கடையிலும் பத்து நிமிடத்தில் ஏற்றிவிடலாம். ஆனால் பாலிஷ் சக்கரத்தில் கரைந்துபோன உலோகமும், மாற்றி அச்சடித்ததில் அழிந்த அசல் டயலும் திரும்ப வராது. பழைய வாட்சின் விலை உட்கார்ந்திருப்பது இந்த இரண்டில்தான். நீங்கள் பார்க்கச் செலவிடும் நேரத்தில் முக்கால் பங்கு கேஸுக்கும் (வாட்சின் உலோக உடல்) டயலுக்கும் போகட்டும்.

எல்லா பிராண்டுக்கும் பொதுவாகச் சொன்னால் எதற்கும் உதவாது. அதனால் ஒரே ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம்: 36 மில்லிமீட்டர் ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட், மாடல் எண் ஐந்து இலக்கத்தில் வரும் வரிசை. 1988 வாக்கில் தொடங்கி 2000களின் நடுப்பகுதி வரை வந்தது. சந்தையில் நிறையக் கிடைக்கிறது, உள்ளே இருக்கும் 3135 மிஷினுக்கு வேலை தெரிந்தவர்கள் உண்டு, கண்ணாடி சஃபையர் என்பதால் எளிதில் கீறாது. நிறையக் கிடைப்பதால்தான் போலியும் ஒட்டுவேலையும் இதில் அதிகம். இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் ஒமேகாவையோ டூடரையோ பார்க்கவும் கண் பழகிவிடும்.

முதலில் எண்ணைப் படியுங்கள்

மாடல் எண்ணின் கடைசி இலக்கம் பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையம், எந்த உலோகம் என்று சொல்லும். 16200 என்றால் முழுக்க ஸ்டீல், வழவழப்பான பெசல். 16220-இல் ஸ்டீல் பெசலில் கோடு கோடாக வேலைப்பாடு இருக்கும். 16234 என்றால் ஸ்டீல் கேஸில் வெள்ளைத் தங்கத்தால் ஆன வரிவரியான பெசல். 16233 ஸ்டீலும் மஞ்சள் தங்கமும் கலந்தது. பெசல், கிரவுன் (சாவி கொடுக்கும் திருகு), செயினின் நடுக்கண்ணிகள் மூன்றும் 18 காரட் தங்கம். “16233, கோல்டு பிளேட்டிங்” என்று யாராவது விளம்பரம் போட்டிருந்தால் மேற்கொண்டு படிக்கவே வேண்டாம். ரோலெக்ஸில் பிளேட்டிங் போட்ட 16233 கிடையாது.

இந்த எண்ணைப் பார்க்க செயினைக் கழற்ற வேண்டும். செயினைப் பிடித்திருக்கும் கேஸின் இரண்டு காதுகளுக்கு நடுவே, 12 மணிப் பக்கம் மாடல் எண்ணும் 6 மணிப் பக்கம் சீரியல் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். அசல் பொறிப்பின் கோடுகள் மெல்லியதாக, வெட்டு சுத்தமாக, வெளிச்சத்தில் சாய்த்தால் மின்னும். அமிலத்தில் அரித்த போலி எழுத்து மணல் தூவியது போலச் சொரசொரப்பாகத் தெரியும். சீரியலின் முதல் எழுத்தை வைத்து வருடத்தை உத்தேசமாகக் கணிக்கலாம்: ‘டபிள்யூ’ 1995 வாக்கில், ‘யூ’ 1997 வாக்கில், ‘பி’ 2000, ‘ஒய்’ 2002 வாக்கில். ஒரு வருடம் முன்பின் இருக்கலாம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

இந்த வருடத்தை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பாகங்களை அதோடு ஒத்துப்பார்க்கலாம். கண்ணாடிக்கும் டயலுக்கும் நடுவே உள்ள உள்வளையத்தில் ரோலெக்ஸ் பெயரைச் சுற்றிலும் பொறிக்கும் வழக்கம் 2000களின் நடுவில்தான் வந்தது. 1995 சீரியலில் அது இருந்தால் கேஸே போலி, ஏனென்றால் அந்த வளையம் கேஸின் பகுதி, தனியாக மாற்ற முடியாது. கண்ணாடியில் 6 மணிக்குக் கீழே லேசரால் குத்திய மிகச் சிறிய கிரீடம் வேறு கதை. அது 2002 வாக்கில் தொடங்கியதுதான், ஆனாலும் பிறகு சர்வீஸில் கண்ணாடி மாற்றியிருந்தால் 1995 வாட்சிலும் இருக்கலாம். அதை மட்டும் வைத்துப் போலி என்று முடிவுகட்ட வேண்டாம்.

விலையைப் படிப்பது

இணையத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. அதே மாடல், அதே டயல் நிறம், அதே வகைச் செயின் உள்ள பத்து வாட்சுகளையாவது எடுங்கள். முடிந்தால் விற்றுப்போனவற்றின் விலையைப் பாருங்கள். மேலே இரண்டையும் கீழே இரண்டையும் விட்டுவிட்டால் நடுவில் இருப்பதுதான் இன்றைய விலை. 2022 தொடக்கத்தில் இரண்டாம் கைச் சந்தை உச்சத்தைத் தொட்டு இறங்கியது. அந்த நேரத்தில் வாங்கியவர்கள் தங்கள் அசல் வரவேண்டும் என்பதற்காக இன்றும் அந்த விலையையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நஷ்டத்தை நீங்கள் ஏற்கத் தேவையில்லை.

கிடைத்த விலையிலிருந்து கழிக்க வேண்டியவை: சர்வீஸ் பில் இல்லையென்றால் ஒரு முழு சர்வீஸ் செலவு, தொங்கிப்போன செயினைச் சரிசெய்யும் செலவு, தேய்ந்த கேஸுக்கு உங்கள் மனம் ஒப்பும் ஒரு தொகை. சர்வீஸ் கட்டணத்தை விலை பேசும் முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். “போன வருஷம்தான் சர்வீஸ் பண்ணினது” என்பதற்குப் பில் இல்லையென்றால் அந்த வாக்கியத்தின் மதிப்பு பூஜ்யம்.

போவதற்கு முன் கேட்க வேண்டிய படங்கள்

விற்பவரிடம் இவற்றைக் கேளுங்கள்: முள்ளை நீங்கள் சொல்லும் நேரத்தில், உதாரணமாக 4:35-இல் நிறுத்தி, பக்கத்தில் அன்றைய தேதி எழுதிய தாளோடு ஒரு படம், நான்கு காதுகளையும் பக்கவாட்டிலிருந்து தனித்தனியாக, டயலை நேர் மேலிருந்து, ஃபில்டர் இல்லாமல், செயினின் பூட்டைத் திறந்து உட்புற எழுத்துகள், செகண்ட்ஸ் முள் ஓடும் அரை நிமிட வீடியோ. வாட்ச் கையில் இருப்பவருக்கு இது ஐந்து நிமிட வேலை. இதற்கே ஆயிரம் சாக்கு சொல்பவரிடம் அந்த வாட்ச் இல்லை, அல்லது படத்தில் தெரியக்கூடாத ஏதோ ஒன்று இருக்கிறது.

கேஸ்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

நேரில் போகும்போது 10 மடங்கு பெரிதாக்கும் லூப், ஒரு சிறிய யூவி டார்ச், தடிமன் அளக்கும் டிஜிட்டல் கேலிபர், சின்னத் திசைகாட்டி நான்கும் பையில் இருக்கட்டும். எல்லாம் சேர்ந்தும் பெரிய செலவில்லை. பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் உட்காருங்கள். நகைக்கடை ஸ்பாட்லைட்டுக்குக் கீழே எந்த வாட்சும் அழகுதான்.

காதுகளை மேலிருந்து பாருங்கள். டேட்ஜஸ்ட்டின் காதுகளுக்கு மேல்பரப்பும் பக்கவாட்டும் சந்திக்கும் இடத்தில் தெளிவான விளிம்பு உண்டு. பாலிஷ் போடப் போட அது மழுங்கி, சப்பிய மிட்டாய் போல உருண்டுவிடும். நான்கு காதுகளின் தடிமனையும் கேலிபரில் அளந்தால் நான்கும் கிட்டத்தட்ட ஒன்றாக வரவேண்டும். பாலிஷ்காரர் ஒரு பக்கம் கூடுதலாக அழுத்தியிருந்தால் அந்தக் காது மெலிந்திருக்கும். 1990களின் ஆரம்ப கால வாட்சுகளில் காதில் வெளியே தெரியும் துளை இருக்கும். அந்தத் துளைக்கும் காதின் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பக்கம் துளை விளிம்பை ஒட்டி நின்றால் அந்தக் கேஸ் பலமுறை சக்கரம் ஏறியிருக்கிறது.

பெசலையும் விட்டுவிடாதீர்கள். 16234-இன் வரிகள் நகத்தால் தடவினால் கூர்மையாக உணரவேண்டும். வெள்ளைத் தங்கம் ஸ்டீலைவிடக் கொஞ்சம் சூடான நிறம், பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும். முழுக்க ஒரே நிறமாகத் தெரிந்தால் வெளியில் செய்த ஸ்டீல் பெசலை மாட்டியிருக்க வாய்ப்பு உண்டு.

பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். திறக்க மறுக்கும் விற்பனையாளரிடம் இந்த விலைக்கு வாங்கக்கூடாது. உள்ளே 16200 என்று குத்தியிருந்தால் பயப்பட வேண்டாம், 16234-லும் அதே மூடியைத்தான் பயன்படுத்தினார்கள். கவனிக்க வேண்டியது ரப்பர் வளையம் உட்காரும் விளிம்பு. சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் தினமும் கட்டிய வாட்ச் என்றால் வியர்வை உப்பு அங்கே தங்கிக் குழிகுழியாக அரித்திருக்கும். லேசான கறை பரவாயில்லை. வளையம் படியும் இடத்திலேயே குழி விழுந்திருந்தால் புது ரப்பர் போட்டாலும் தண்ணீர் புகுவது நிற்காது, லேசர் வெல்டிங் வரை போக வேண்டும். கண்ணாடி பின்மூடி போட்டு உள்ளே மிஷின் தெரிகிறதா? 90களில் டேட்ஜஸ்ட்டில் அப்படி ஒன்று கிடையாது.

டயல்

லூப்பை வைத்து எழுத்துகளின் ஓரத்தைப் பாருங்கள். அசல் அச்சு சற்றே மேடாக, ஓரம் கத்தி போலச் சுத்தமாக இருக்கும். மறுபடி அச்சடித்த டயலில் எழுத்து தடித்து, நிமிடக் கோடுகள் சில இடங்களில் மெலிந்து, எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி சீரில்லாமல் இருக்கும். ஒட்டிய மணிக்குறிகள் ஒன்றிரண்டு லேசாகத் திரும்பியிருக்கும். டயலைப் புதிதாக அடித்து விற்பது நம் நாட்டில் பழைய தொழில். மும்பையிலிருந்து கண்ணைப் பறிக்கும் நிறங்களில் இணையம் வழியாகப் போன பழைய ஹெச்எம்டி, ஃபாவ்ரே லூபா வாட்சுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கைவண்ணம் உடனே பிடிபடும்.

அடுத்து 6 மணிக்குக் கீழே உள்ள சிறிய எழுத்து. 1998 வரை இருட்டில் ஒளிர டிரிட்டியம் பூசினார்கள். அதற்கு அடையாளமாக ‘ஸ்விஸ்’ என்ற சொல்லுக்கு இரு பக்கமும் ‘டி’ எழுத்து இருக்கும். அதன்பின் கொஞ்ச காலம் வெறும் ‘ஸ்விஸ்’, பிறகு ‘ஸ்விஸ் மேட்’. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. 1995 டயல் இன்று இருட்டில் தானாக ஒளிரக்கூடாது. யூவி டார்ச் அடித்தால் மங்கலாக மினுங்கும், டார்ச்சை அணைத்த சில நொடிகளில் அணைந்துவிடும். அணைத்த பிறகும் பச்சையாக நின்று எரிந்தால் மேலே புது ரசாயனம் பூசியிருக்கிறார்கள், அல்லது டயலையே மாற்றியிருக்கிறார்கள். முள்ளும் டயலும் வேறு வேறு மாதிரி ஒளிர்ந்தால் சர்வீஸில் முள் மட்டும் மாற்றியதாக இருக்கலாம். அது மோசடி இல்லை, பேரம் பேசக் காரணம்.

ரோலெக்ஸ் சர்வீஸிலேயே மாற்றிய டயலும் அசல்தான். ஆனால் சேகரிப்பவர்கள் அதற்குக் குறைவாகத்தான் கொடுப்பார்கள். கம்பெனிக்கு வெளியே வைரம் பதித்த டயல் என்றால் அதை அசல் டயலே இல்லாத வாட்சாக விலைபோடுங்கள். அந்த வைரத்துக்காக ஒரு ரூபாயும் கூட்ட வேண்டாம். கம்பெனி சர்வீஸ் சென்டர் வெளிப்பாகம் உள்ள வாட்சைப் பெரும்பாலும் தொடாது.

தேதியின் மேலுள்ள பூதக்கண்ணாடி இரண்டரை மடங்கு பெரிதாக்க வேண்டும், எண் அந்த ஜன்னலை நிறைக்கும். சின்னதாகத் தெரிந்தால் சந்தேகப்படலாம். இப்போது வரும் உயர்தரப் போலிகள் இதைச் சரியாகவே செய்துவிடுகின்றன.

செயின்

ஜூபிலி செயினில் சிறு கண்ணிகள் அதிகம். வியர்வையும் தூசியும் சேர்ந்து உள்ளே அரைத்து ஊசிகளைத் தேய்க்கும். வாட்சைப் பக்கவாட்டில், 3 மணி மேலே பார்க்கும்படி பிடித்துச் செயினை நீட்டுங்கள். நல்ல செயின் கிட்டத்தட்ட நேராக நிற்கும், தேய்ந்தது வில்லாக வளைந்து தொங்கும். தங்கம் மெத்தென்ற உலோகம் என்பதால் 16233-இன் செயின் சீக்கிரம் தொங்கும். ஊசியும் உள்குழாயும் மாற்றிச் சரிசெய்ய முடியும், ஆனால் அது தெரிந்த கைகள் குறைவு. புது அசல் செயினின் விலையைக் கேட்டால் பேரம் பேசும் உற்சாகம் தானாக வரும். ஸ்டீல் ஜூபிலி என்றால் கடைசிக் கண்ணியில் 62510, இரு நிறம் என்றால் 62523 என்ற எண் வரிசை இருக்கிறதா பாருங்கள். உங்கள் மணிக்கட்டுக்குப் போதுமான கண்ணிகள் இருக்கின்றனவா என்பதைக் கடையிலேயே கட்டிப் பார்த்துவிடுங்கள்.

மிஷின்

3135 மணிக்கு 28,800 அடி அடிக்கும், அதாவது நொடிக்கு 8. செகண்ட்ஸ் முள் வழுக்குவது போல ஓடும். இதை வைத்து அசல் என்று முடிவுகட்டிய காலம் போய்விட்டது. போலிகளும் அதே வேகத்தில் ஓடுகின்றன. 3135-ஐயே நகலெடுத்த மிஷின்களும் வந்துவிட்டன, சிவப்பு நிறப் பல்சக்கரங்கள் உட்பட. அதனால் ரோலெக்ஸ் திறந்து பழகிய மெக்கானிக் ஒருவரின் பார்வை கட்டாயம் வேண்டும். அவர் உங்கள் ஆளாக இருக்கட்டும், விற்பவர் கூட்டிவருபவராக வேண்டாம்.

அவரிடம் வாட்சின் ஓட்டத்தை அளக்கும் டைம்கிராஃபர் கருவி இருக்கும். நின்றுபோன வாட்சுக்கு 30 முதல் 40 சுற்றுச் சாவி கொடுத்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பிறகு வையுங்கள். கருவியில் லிஃப்ட் ஆங்கிள், அதாவது மிஷினுக்கு மிஷின் மாறும் ஒரு கோண அளவு, 52 டிகிரி என்று வைக்க வேண்டும். தவறாக வைத்தால் ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஊசலாடும் சக்கரம் எவ்வளவு திரும்புகிறது என்ற அளவு) கணக்கே பொய்யாகும். ஒமேகா கோ-ஆக்ஸியல் மிஷின்களுக்கு அது 38, அதையே இங்கும் விட்டுவிடுபவர்கள் உண்டு. டயல் மேலே பார்க்க வைத்தால் ஆம்ப்ளிட்யூட் 260 முதல் 300 டிகிரிக்குள் இருந்தால் ஆரோக்கியம். 250-க்குக் கீழே என்றால் எண்ணெய் வறண்டுவிட்டது, சர்வீஸ் செலவைக் கழியுங்கள். 200-ஐ நெருங்கினால் வெறும் எண்ணெய் விஷயமாக இருக்காது. பீட் எரர், அதாவது இரு பக்க அடிகளுக்கு இடையிலான நேர வித்தியாசம், 0.8 மில்லி செகண்டுக்குள் இருக்கட்டும். டயல் மேலே, டயல் கீழே, கிரவுன் கீழே, கிரவுன் மேலே, கிரவுன் இடப்பக்கம் என்று ஐந்து நிலைகளில் பாருங்கள். செங்குத்தாக நிறுத்திப் பார்க்கும்போது ஆம்ப்ளிட்யூட் 20, 30 டிகிரி இறங்குவது இயல்பு. நாள் கணக்கில் வித்தியாசம் நிலைக்கு நிலை 15 நொடியைத் தாண்டினால் வேலை இருக்கிறது. சான்றிதழ் பெற்ற குரோனோமீட்டருக்கு விதித்த அளவு நாளுக்கு −4 முதல் +6 நொடி. முப்பது வருட வாட்ச் அதைக் கொஞ்சம் தாண்டினால் மன்னிக்கலாம்.

நாளுக்கு ஒரு நிமிடம் வேகமாக ஓடினால் பதறாமல் திசைகாட்டியை அருகே கொண்டுபோங்கள். ஊசி துள்ளினால் காந்தம் ஏறியிருக்கிறது. ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் பூட்டு என்று எதிலிருந்தும் ஏறும். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலைதான். விற்பவருக்கு இது தெரியாமல் “மிஷின் கொஞ்சம் கோளாறு” என்று விலையைக் குறைத்தால், அது உங்கள் அதிர்ஷ்டம்.

3135-இல் தனியாகப் பார்க்க வேண்டிய ஒன்று ரோட்டர், அதாவது கை அசைவில் சுற்றித் தானாகச் சாவி கொடுக்கும் தகடு. இதில் ரோட்டர் பால் பேரிங்கில் சுற்றுவதில்லை, ஒரு சின்ன அச்சில் சுற்றுகிறது. எண்ணெய் காய்ந்த பிறகும் கட்டிக்கொண்டே இருந்தால் அச்சு தேய்ந்து, ரோட்டர் ஆடத் தொடங்கி, கீழேயுள்ள தகட்டிலோ பின்மூடியிலோ உரசும். காதருகே வைத்து மெல்ல ஆட்டினால் கரகரவென்று கேட்கும். மூடியைத் திறந்தால் பளபளப்பான உலோகத்தில் வட்டமாகக் கீறல் தெரியும், ஓரத்தில் கருஞ்சாம்பல் நிற உலோகப் பொடி படிந்திருக்கும். அச்சை மாற்றிவிடலாம், ஆனால் அந்தப் பொடி மிஷினுக்குள் எங்கெல்லாம் போயிருக்கிறது என்பதுதான் கேள்வி. முழு சர்வீஸ் இல்லாமல் கட்டக்கூடாது.

கிரவுனைத் திருகித் திறந்தால் அது தானாக வெளியே எழ வேண்டும். மூடும்போது வழுக்காமல் பிடித்து இறங்க வேண்டும். சுற்றிச் சுற்றிப் பிடிக்காமல் போனால் மரை தேய்ந்திருக்கிறது, குழாயோடு மாற்ற வேண்டும். முதல் இழுப்பில் தேதி மாறும், இரண்டாவதில் நேரம், அப்போது செகண்ட்ஸ் முள் நிற்க வேண்டும். முள்ளை 12-ஐத் தாண்டித் திருப்பினால் தேதி ஒரே துள்ளலில் மாறும். ஊர்ந்து மாறினால் தேதி இயந்திரத்தில் பிசகு.

உள்ளே ஈரம் இருக்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு. வாட்சைச் சட்டைப்பைக்குள் வைத்து நன்றாகச் சூடாக்கி, கண்ணாடி மேல் ஒரு ஐஸ் துண்டை ஒரு நிமிடம் வையுங்கள். துடைத்த பிறகு உட்புறம் புகை போலப் படிந்திருந்தால் உள்ளே ஈரம்.

பெட்டி, காகிதம், திருட்டுப் பொருள்

பெட்டியும் தனியாக விற்கிறது, கார்டும் போலியாக வருகிறது. 2006-க்கு முந்தைய உத்தரவாதத் தாளில் சீரியல் எண் துளைத்துக் குத்தப்பட்டிருக்கும். அது காதுக்கு நடுவே உள்ள எண்ணோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். காகிதம் வாட்சுக்குத் துணை, அதற்கு மாற்று இல்லை. 2021 நவம்பரில் ஜெனீவா ஏலத்தில் 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் ஒன்று 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் போனது. வாங்கியது ஒமேகாவின் சொந்த அருங்காட்சியகம். 2023-இல், பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கட்டியது அது என்று ஒமேகாவே சொன்னது.

திருட்டு வாட்சா என்று பார்க்க ரிஷ்மோன்ட் குழுமம் 2023-இல் தொடங்கிய என்குவைரஸ் தளத்தில் சீரியலை இலவசமாகத் தேடலாம். லண்டனின் தி வாட்ச் ரெஜிஸ்டர் கட்டணத்துக்குத் தேடிச் சொல்லும். இரண்டிலும் அந்த எண் இல்லை என்றால் யாரும் புகார் பதியவில்லை என்று மட்டுமே அர்த்தம்.

இத்தனை பாடும் வேண்டாம் என்பவர்களுக்கு ரோலெக்ஸின் சொந்தச் சான்றளித்த இரண்டாம் கைத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது, இரண்டு வருட உத்தரவாதத்தோடு. விலை கணிசமாகக் கூடும். முதல் முறை வாங்குபவருக்கு அந்தக் கூடுதல் வீண்செலவில்லை.

பணமும் பில்லும்

2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்பது வருமான வரிச் சட்டம். அபராதம் வாங்கியவருக்குத்தான், ஆனாலும் ரொக்கம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் பில்லும் தரமாட்டார். ஆர்டிஜிஎஸ்-இல் அனுப்புங்கள், பான் எண் கேட்டால் கொடுங்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்துக்கு 2025 ஏப்ரல் 22 முதல் கடைக்காரர் 1 சதவீதம் டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலிக்கும் வருமான வரி) பிடிப்பார், அதை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பழைய பொருள் வியாபாரி தன் லாபத்துக்கு மட்டும் ஜிஎஸ்டி கட்டும் முறை இருப்பதால், பில்லில் முழு விலைக்கும் வரி தனியாகக் காட்டவில்லை என்றால் அதிலேயே தவறு காண வேண்டாம்.

பில்லில் மாடல் எண், சீரியல் எண், “டயல், முள், பெசல், மிஷின் அசல்” என்ற வாக்கியம், திருப்பித் தரும் கெடு நான்கும் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாகச் சொன்னதை எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடலாம். தனிநபரிடம் வாங்கினால் இதையே ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டை நகலோடு கையெழுத்து வாங்குங்கள்.

வெளிநாட்டுத் தளத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கூரியரில் வரவழைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இந்திய வர்த்தகக் கொள்கைப்படி பயன்படுத்திய பொருளை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும், இயந்திரத் தளவாடங்களுக்குத்தான் விலக்கு. வரி கட்டத் தயாராக இருந்தாலும் பார்சல் சுங்கத்தில் மாட்டலாம். துபாயிலோ சிங்கப்பூரிலோ வாங்கிக் கையில் கட்டிவந்தால், பில்லோடு விமான நிலையச் சுங்கத்தின் சிவப்புப் பாதையில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

வாங்கிய முதல் வாரம்

முதலில் காற்றழுத்தச் சோதனை. இந்த மாடலுக்கு 100 மீட்டர் என்று எழுதியிருப்பது புதிதாக இருந்தபோது. சோதனை முடியும்வரை குழாய்த் தண்ணீர்கூடப் படவிடாதீர்கள். சர்வீஸுக்குக் கொடுத்தால் ரசீதிலேயே “கேஸ், செயின் பாலிஷ் வேண்டாம், கேட்காமல் டயலும் முள்ளும் மாற்ற வேண்டாம்” என்று எழுத வைத்துக் கையெழுத்து வாங்குங்கள். கம்பெனி சர்வீஸில் கழற்றிய பழைய டயல் திரும்பி வருவது அபூர்வம். வேலை முடிந்து வரும் வாட்சோடு இரண்டு வருட சர்வீஸ் உத்தரவாதக் கார்டும் வரும். அதையும் சீரியல் எண்ணின் படத்தையும் பில்லோடு சேர்த்து வைத்துவிட்டு, வீட்டுக் காப்பீட்டில் வாட்சைத் தனிப் பொருளாகப் பெயர் சொல்லிச் சேருங்கள். பொதுவான பாலிசியில் நகை, கடிகாரத்துக்கான வரம்பு பெரும்பாலும் இந்த விலைக்கு எட்டாது.